ஃப்ளட்டர் மதிப்பீடு: மொரிஷியஸில் நான்கு மொழிச் செயலி கட்டத் தொடங்குவோருக்கு

கோவில் திருவிழா நாள்காட்டி, தமிழ் வகுப்பின் வருகைப் பதிவு, சங்கத்தின் நன்கொடை ரசீது. மொரிஷியஸ் தமிழர்கள் நமக்கென்று ஒரு செயலி வேண்டும் என்று பேசத் தொடங்கினால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் பேச்சில் வரும். மூன்றுக்கும் நிபந்தனைகள் ஒன்றே. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓட வேண்டும். கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் நான்கும் இருக்க வேண்டும். கட்டுபவர் ஒருவர் அல்லது இருவர், அதுவும் வேலை முடிந்த மாலை நேரத்தில்.

ஒரே நிரலால் பல வகைப் போன்களுக்கும் செயலி கட்ட உதவும் ஃப்ளட்டர் இந்த நிபந்தனைகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பது எங்கள் முடிவு. ஆனால் பலரும் பயப்படும் இடம் வேறு, உண்மையில் உழைப்பு கேட்கும் இடம் வேறு. நிறுவும்போது வரும் பிழைகள் ஒரு நாளில் தீர்ந்துவிடும். தமிழை ஃப்ளட்டர் அழகாக வரைகிறது. அகரவரிசைப்படி அடுக்கவும், முதலெழுத்தைச் சரியாகப் பிரிக்கவும், மொரிஷியஸ் ரூபாயைச் சரியாக எழுதவும் அது உதவுவதில்லை. அந்த வேலை கட்டுபவருடையது. அதனால் இந்த மதிப்பீட்டில் பாதிக்கு மேல் மொழியைப் பற்றித்தான்.

ஃப்ளட்டர் கூகுள் தொடங்கிய திறமூலக் கருவித்தொகுப்பு. பிஎஸ்டி உரிமம் என்பதால் கட்டணம் இல்லை, செயலியை விற்கவும் தடையில்லை. 1.0 பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது. 2022 மே மாதத்து 3.0 முதல் ஆண்ட்ராய்டு, ஐபோன், வெப், விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆறும் நிலையான ஆதரவுக்குள் வந்துவிட்டன. எழுதும் மொழி டார்ட். ஜாவாவோ ஜாவாஸ்கிரிப்டோ தெரிந்தவருக்கு அது அந்நியமாகத் தெரியாது.

போனின் சொந்தப் பொத்தான்களையும் எழுத்துப் பெட்டிகளையும் ஃப்ளட்டர் பயன்படுத்துவதில்லை. திரையில் தெரியும் ஒவ்வொன்றையும் தானே வரைகிறது. இதே வேலைக்கான இன்னொரு கருவியான ரியாக்ட் நேட்டிவ் இதற்கு மாறாகப் போனின் சொந்த உறுப்புகளை அழைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ஏற்கெனவே கைதேர்ந்தவர் அதையே எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் தமிழ் முக்கியம் என்றால் தானே வரைவது பெரிய நன்மை. எழுத்துருவைச் செயலிக்குள்ளேயே வைத்துவிட்டால் பழைய சாம்சங்கிலும் புதிய ஐபோனிலும் ‘ஸ்ரீ’யும் ‘ஞௌ’வும் ஒரே மாதிரி தெரியும்.

நிறுவுதல்

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் வேலை நடக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் போலிப் போன்), பிரவுசர் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் திணறும். 16 ஜிபி இல்லாதவர் எமுலேட்டரையே மறந்துவிட்டு உண்மையான போனைக் கேபிளில் இணைப்பது நல்லது. போன் அமைப்புகளில் ‘பில்டு நம்பர்’ என்ற வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும்; அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டும். போன் கண்ணில் படவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு.

விண்டோஸில் முதலில் கிட் (Git, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), பிறகு ஃப்ளட்டர் எஸ்டிகே (SDK, செயலி கட்டும் கருவிகளின் தொகுப்பு). எஸ்டிகேயை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் வைக்காதீர்கள், அங்கே எழுத நிர்வாகி அனுமதி கேட்கும். சி டிரைவில் இடைவெளி இல்லாத பெயரில் ஒரு ஃபோல்டர் போதும். மொரிஷியஸில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் பயனர் பெயரே பிரெஞ்சு உச்சரிப்புக் குறியுடன் இருந்தால், அந்தப் பெயர் எல்லாப் பாதைகளிலும் நுழைந்து ஆண்ட்ராய்டு கட்டுமானத்தை நிறுத்திவிடும். பிழைச் செய்தி ‘நான்-ஆஸ்கி’ எழுத்து, அதாவது சாதாரண ஆங்கில எழுத்தல்லாத ஒன்று, இருக்கிறது என்று சொல்லும். செயலியின் ஃபோல்டரை நேராக சி டிரைவின் கீழ் வைத்து, ‘பப் கேஷ்’, ‘கிரேடில் யூசர் ஹோம்’ என்ற இரண்டு சூழல் மாறிகளையும் அதே போன்ற எளிய பாதைக்குத் திருப்பினால் தீரும். புதிய பயனர் கணக்கு தேவையில்லை.

அடுத்தது ‘ஃப்ளட்டர் டாக்டர்’ கட்டளை. எது இருக்கிறது, எது இல்லை என்று அது வரிவரியாகச் சொல்லும். இவ்வளவு தெளிவாகத் தன் குறையைச் சொல்லும் கருவிகள் குறைவு. ‘கமாண்ட்லைன் டூல்ஸ்’ காணவில்லை என்றால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் எஸ்டிகே மேனேஜரில், எஸ்டிகே டூல்ஸ் தாவலில் அதற்கு டிக் போடுங்கள். உரிமங்கள் ஏற்கப்படவில்லை என்றால் அதே டாக்டர் கட்டளையை ‘ஆண்ட்ராய்டு லைசென்சஸ்’ என்ற கூடுதல் சொல்லோடு இயக்கி ஒவ்வொன்றுக்கும் ‘ஒய்’ தட்டுங்கள். விஷுவல் ஸ்டுடியோ இல்லை என்ற குறையை விட்டுவிடலாம். அது விண்டோஸ் மேசைச் செயலி கட்டுவோருக்கு மட்டும்.

முதல் கட்டுமானம் நீளும். ஆண்ட்ராய்டு செயலியைக் கட்டித்தரும் கருவியான கிரேடில் தனக்கு வேண்டியதையெல்லாம் அப்போதுதான் இறக்குகிறது. திரையில் அசைவே இருக்காது. அதை வீட்டு ஃபைபர் இணைப்பில் செய்யுங்கள், மொபைல் டேட்டாவில் வேண்டாம். நடுவில் நிறுத்தினால் பாதி இறங்கிய ஜிப் தங்கிவிடும், அடுத்த முறை விளங்காத பிழை வரும். அப்போது பயனர் ஃபோல்டரில் கிரேடிலின் ‘ராப்பர்’ பகுதிக்குள் உள்ள ‘டிஸ்ட்ஸ்’ ஃபோல்டரை அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். ‘மேஜர் வெர்ஷன் 65’ என்று ஒரு பிழை வந்தால் பொருள் இதுதான்: கணினியில் ஜாவா 21 ஓடுகிறது, செயலியின் கிரேடில் அதற்கு முந்தையது. கிரேடிலைப் புதுப்பிக்கலாம், அல்லது ‘ஃப்ளட்டர் கான்ஃபிக்’ கட்டளையால் ஜாவா 17 இருக்கும் பாதையைக் காட்டலாம்.

கற்கும்போது

ஹாட் ரீலோட் பற்றி எல்லோரும் புகழ்ந்திருக்கிறார்கள், அது தகும். சேமித்த நொடியில் போனில் மாற்றம் தெரிகிறது. அது எங்கே வேலை செய்யாது என்று தெரிந்திருந்தால் நேரம் மிச்சம். தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் ‘மெயின்’, ‘இனிட்ஸ்டேட்’ இரண்டையும் அது மறுபடி ஓட்டாது. அங்கே மாற்றினால் ஹாட் ரீஸ்டார்ட், அதாவது செயலியைத் தொடக்கத்திலிருந்து ஓட்டுவது, வேண்டும். கேமரா, அறிவிப்பு போன்ற போன் வசதியைத் தொடும் புதிய தொகுப்பைச் சேர்த்தால் இரண்டும் போதாது. செயலியை முழுதாக நிறுத்திவிட்டு மறுபடி கட்ட வேண்டும், இல்லையென்றால் ‘மிஸ்ஸிங் பிளக்இன்’ பிழை வரும்.

யூடியூப் பாடங்களைப் பழசா புதுசா என்று பிரித்தறிய ஒரு வழி சொல்கிறோம். ‘ஃப்ளாட்பட்டன்’, ‘ரெய்ஸ்டுபட்டன்’ என்று பொத்தான் வைத்தால் அது பழைய பாடம். இன்றைய ஃப்ளட்டரில் அவை இல்லை. மொழிபெயர்ப்புப் பகுதியில் ‘ஃப்ளட்டர்_ஜென்’ என்ற தொகுப்பை இறக்குமதி செய்தாலும் பழசுதான். இப்போது அந்தக் கோப்புகள் செயலியின் சொந்த ‘லிப்’ ஃபோல்டருக்குள்ளேயே உருவாகின்றன. 2023 மே மாதம் டார்ட் 3 வந்ததிலிருந்து ‘நல்’ (null, வெற்று மதிப்பு) பாதுகாப்பு இல்லாத பழைய நிரல் தொகுபடவே செய்யாது.

நான்கு மொழிகள்

அடிப்படை ஏற்பாடு எளிது. ‘ஃப்ளட்டர்_லோக்கலைசேஷன்ஸ்’, ‘இன்டில்’ இரண்டையும் பப்ஸ்பெக் கோப்பில் (செயலிக்கு வேண்டிய தொகுப்புகளின் பட்டியல்) சேர்த்து, மொழிக்கு ஒரு ஏஆர்பி கோப்பு (மொழிபெயர்த்த வாசகங்கள் இருக்கும் கோப்பு) எழுத வேண்டும். இன்டில் பதிப்பு எண்ணை நீங்களாக எழுதினால் ‘வெர்ஷன் சால்விங் ஃபெயில்டு’ என்று நிற்கலாம், ஏனெனில் எந்தப் பதிப்பு என்பதை ஃப்ளட்டரே முடிவு செய்துவிடுகிறது. எண்ணுக்குப் பதில் ‘எனி’ என்று எழுதுங்கள்.

தமிழும் பிரெஞ்சும் ஃப்ளட்டரின் பட்டியலில் உண்டு. தேதித் தேர்வுப் பெட்டியின் மாதப் பெயர், ‘ரத்துசெய்’ போன்ற சொற்கள் எல்லாம் தானாக வரும். கிரியோல் பட்டியலில் இல்லை. ‘எம்எஃப்இ’ என்ற மொழிக் குறியீட்டை நேரடியாகச் சேர்த்தால் எச்சரிக்கை வரும். மெட்டீரியல் (கூகுள் பாணி) உறுப்பு உள்ள திரை சிவப்பாகி விழும். தீர்வு, மெட்டீரியல், குப்பர்டினோ (ஆப்பிள் பாணி), விட்ஜெட்ஸ் (பொது உறுப்புகள்) மூன்றுக்கும் ஆளுக்கொரு சிறிய டெலிகேட் (மொழிக்குரிய சொற்களை எடுத்துத் தரும் நிரல்பகுதி) எழுதி, கிரியோல் கேட்டால் பிரெஞ்சுச் சொற்களை எடுத்துக் கொடுக்கச் சொல்வது. உங்கள் சொந்த வாசகங்கள் கிரியோலில் இருக்கும், ஃப்ளட்டரின் உள்வாசகங்கள் மட்டும் பிரெஞ்சில் தெரியும். அதில் யாருக்கும் சிரமம் இருக்காது. தேதியையும் எண்ணையும் வடிவமைக்கும் இடங்களிலும் கிரியோலுக்குப் பிரெஞ்சுக் குறியீட்டையே கொடுங்கள். இன்டில் தொகுப்புக்குக் கிரியோல் தெரியாது, நேராகப் பிழை எறியும். கிரியோல் ஏஆர்பி கோப்பின் தலையில் மொழிக் குறியீட்டை வெளிப்படையாக எழுதிவிடுவதும் நல்லது.

ஒருமை பன்மையும் மொழிக்கு மொழி மாறும். பிரெஞ்சில் 0 ஒருமையோடு சேரும், தமிழில் 0 பன்மையோடு சேரும். கிரியோலில் பெயர்ச்சொல் பன்மைக்கென்று உருமாறாது, அதனால் ‘அதர்’ (மற்றவை) வடிவம் ஒன்றே போதும். ஏஆர்பி இந்த வேறுபாடுகளை நன்றாகக் கையாள்கிறது. நிரலுக்குள் ‘இஃப்’ போட்டு நீங்களே பிரிக்காதீர்கள்.

பட்டியலில் மொழிகளின் வரிசை வெறும் அழகுக்கு அல்ல. போனின் மொழி எதனோடும் பொருந்தாதபோது ஃப்ளட்டர் பட்டியலின் முதல் மொழியைக் காட்டுகிறது. தானியங்கிக் கருவி ஆங்கில அகரவரிசையில் அடுக்குவதால் ஆங்கிலம் முன்னால் போய்விடும். மாற்ற வேண்டும் என்றால் எல்10என் அமைப்புக் கோப்பில் ‘பிரிஃபர்டு சப்போர்ட்டட் லோக்கேல்ஸ்’ வரியைச் சேர்க்க வேண்டும். மொழி வரிசை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1998 இல் ரூபாய்த்தாளில் தமிழ் இந்திக்குக் கீழே போனதும் எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்டன. ஆகவே செயலிக்குள் மொழியைத் தேர்ந்தெடுக்கும் திரையை முதல் நாளிலேயே கட்டுங்கள். தமிழ் படிக்க விரும்பும் பலரின் போன் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கிறது. போனின் மொழியை மட்டும் நம்பினால் அவர்கள் தமிழையும் கிரியோலையும் பார்க்கவே மாட்டார்கள். தேர்ந்த மொழியை ‘ஷேர்டு பிரிஃபரன்சஸ்’ தொகுப்பில் சேமித்து ‘மெட்டீரியல்ஆப்’பின் லோக்கேலாக (மொழி அமைப்பாக) கொடுத்தால் போதும்.

பணம். நன்கொடை ரசீது எழுதுவோர் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். தமிழ் என்று சொன்னதும் இன்டில் தொகுப்பு இந்தியாவை எண்ணிக்கொள்கிறது. 125,000 என்பது 1,25,000 என்று பிரிந்து வரும், நாணயத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்திய ரூபாய்க் குறியோ ‘ஐஎன்ஆர்’ என்ற எழுத்தோ தலையில் ஏறும். மொரிஷியஸ் ரசீதில் இரண்டுமே தவறு. வடிவத்தை ‘#,##0.00’ என்று நீங்களே எழுதி, ‘ரூ’ என்பதைத் தனியாகச் சேருங்கள். நம் ரூபாய்த்தாளில் இருப்பதுபோல் ௧, ௨, ௩ வேண்டும் என்றாலும் தமிழ் லோக்கேல் தராது. 0 முதல் 9 வரை மாற்றும் சிறு செயற்கூறு எழுத வேண்டும்.

நாள்காட்டியிலும் இதே இந்தியச் சாய்வு உண்டு. தேதிப் பெட்டி பிரெஞ்சில் திங்களில் தொடங்கும், தமிழில் ஞாயிறில் தொடங்கும். மொழியை மாற்றியதும் கட்டங்கள் நகர்ந்து, தைப்பூசம் வேறு நாளில் விழுவதுபோல் கண்ணை ஏமாற்றும். இதைவிட மோசமானது அறிவிப்பு நேரம். ‘ஃப்ளட்டர் லோக்கல் நோட்டிஃபிகேஷன்ஸ்’ பற்றிய பல பாடங்கள் இந்தியாவில் எழுதப்பட்டவை, நேர வலயத்தை ‘ஏசியா/கொல்கத்தா’ என்று வைக்கின்றன. அப்படியே நகலெடுத்தால் காலை 6:00 மணி பூஜை அறிவிப்பு இங்கே 4:30க்கே ஒலிக்கும். ‘இண்டியன்/மொரிஷியஸ்’ என்று மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்குப் பயனரிடம் அனுமதியும் கேட்க வேண்டும்.

அகரவரிசைக்கு ஃப்ளட்டரில் உதவி எதுவும் இல்லை. டார்ட் எழுத்துகளை யூனிகோடு எண்ணின்படி ஒப்பிடுகிறது. அந்த அட்டவணையில் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்து இருக்கிறது, ‘ற’ ‘ர’வுக்கு அடுத்து; ஆய்தம் ‘அ’வுக்கும் முன்னால்; புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். விளைவு, வனஜாவின் பெயர் வள்ளிக்கு முன்னால் வந்துவிடும். தமிழ் வகுப்பில் பெயர்ப் பட்டியல் இப்படி இருந்தால் ஆசிரியர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. எழுத்துகளுக்கு நம் மரபு வரிசையில் எண் கொடுத்து, அந்த எண்களை ஒப்பிடும் செயற்கூறு எழுதுங்கள். ஒருமுறை எழுதினால் எல்லாச் செயலிக்கும் ஆகும். அதற்கு முன் இன்னொரு படி: ‘கோ’ என்பது சில இடங்களிலிருந்து ‘க’வும் ஒற்றைக் குறியுமாக வரும், சில இடங்களிலிருந்து ‘க’, இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்றாக வரும். பார்க்க ஒன்றே, தேடினால் கிடைக்காது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றின் பிரிந்த வடிவங்களையும் சேமிக்கும் முன்பே ஒன்றாக்கிவிடுங்கள்.

பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டும் வழக்கம் எல்லாச் செயலியிலும் உண்டு. ‘சப்ஸ்ட்ரிங்’ கொண்டு வெட்டினால் கோவிந்தன் ‘க’ ஆகிவிடுவார். ‘கேரக்டர்ஸ்’ மூலம் முதல் எழுத்தை எடுத்தால் ‘கோ’ கிடைக்கும். ஆனால் ஸ்ரீதரனுக்கு அதுவும் ‘ஸ்’ என்றுதான் தரும், யூனிகோடு விதிப்படி ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் இரண்டு துண்டுகள். இந்த இரண்டுக்கு மட்டும் தனிச் சோதனை வையுங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நம்பகமானது, சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். சாதாரணத் தடிமனோடு 700 தடிமனையும் சேருங்கள். இல்லையென்றால் ஃப்ளட்டர் தானாகத் தடிக்கச் செய்து சுழிகளை அடைத்துவிடும். வரி உயரம் 1.0 என்றால் மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கி’யோடு முட்டும், 1.4 அல்லது 1.5 வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், இடைவெளி இல்லாத இடத்தில் உடையாது. ‘சமர்ப்பிக்கவும்’ என்ற பொத்தான் வரிசையை மீறினால் சோதனையின்போது மஞ்சள் கறுப்புப் பட்டை தெரியும். வெளியீட்டில் அந்தப் பட்டை வராது, சொல் மட்டும் வெட்டுப்படும். ‘ரோ’வுக்குள் ‘எக்ஸ்பேண்டட்’ வைத்தோ, ‘ரோ’வுக்குப் பதில் ‘ராப்’ வைத்தோ சரிசெய்யலாம். ‘அனுப்பு’ என்ற சின்னச் சொல்லும் நல்ல தீர்வுதான்.

தமிழில் பிடிஎஃப் ரசீது வேண்டுவோர் கவனமாக இருங்கள். டார்ட்டின் ‘பிடிஎஃப்’ தொகுப்பு தமிழ் எழுத்துகளைக் கோர்ப்பதில்லை. கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். ரசீதை ஒரு விட்ஜெட்டாக (ஃப்ளட்டரின் திரை உறுப்பாக) வரைந்து, ‘ரிபெயின்ட் பவுண்டரி’ வழியாக 3 மடங்கு அடர்த்தியில் படமாக எடுத்து, அந்தப் படத்தைப் பிடிஎஃப் பக்கத்தில் ஒட்டுவதுதான் இப்போதைக்கு நம்பகமான வழி.

கோவிலுக்கு வலைத்தளம் வேண்டும் என்றால் ஃப்ளட்டர் வெப் வேண்டாம். முதல் திறப்பு கனம். எழுத்தைக் கேன்வாஸில் வரைவதால் தேடுபொறிக்குத் தமிழ் வாசகம் கிடைக்காது. எழுத்துருவை உள்ளே வைக்காவிட்டால் முதலில் கட்டங்கள் தெரிந்து பிறகுதான் எழுத்து வரும். சாதாரண ஹெச்டிஎம்எல் போதும்.

வெளியிடுதல்

சோதனையில் நன்றாக ஓடிய செயலி வெளியீட்டில் இணையத்தைத் தொடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றே. இணைய அனுமதி டீபக் மேனிஃபெஸ்ட்டில் (சோதனைக் கட்டுமானத்தின் அனுமதிகளை அறிவிக்கும் கோப்பு) தானாக இருக்கிறது, முதன்மை மேனிஃபெஸ்ட்டில் நீங்கள் எழுத வேண்டும். ‘காம்.எக்ஸாம்பிள்’ என்று தொடங்கும் பெயரைப் பிளே ஸ்டோர் ஏற்காது, அதனால் செயலியை உருவாக்கும் கட்டளையிலேயே சொந்தப் பெயரைக் கொடுங்கள். கையொப்பச் சாவியைக் கிட் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள். சங்கத்தில் இருவரிடம் பிரதி இருக்கட்டும். வாட்ஸ்ஆப்பில் ஏபிகேயாக (நேராக நிறுவும் ஆண்ட்ராய்டு கோப்பாக) அனுப்புவதென்றால் ‘ஸ்பிளிட் பெர் ஏபிஐ’ (split-per-abi) சேர்த்துக் கட்டுங்கள். இல்லையென்றால் மூன்று வகைப் போன் சிப்புக்கும் உரிய நிரல் ஒரே கோப்பில் சேர்ந்து கனக்கும்.

பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒரே முறை 25 அமெரிக்க டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர், அதோடு எக்ஸ்கோடு ஓடும் ஒரு மேக் கணினி கட்டாயம். வாடகை மேக் சேவைகளில் கட்டி அனுப்பலாம். சிறு சங்கம் முதல் ஆண்டு ஆண்ட்ராய்டோடு நிற்பதே நல்லது. நிரல் ஒன்றே என்பதால் ஐபோனுக்குப் பின்னர் போவதில் இழப்பு பெரிதாக இல்லை.

2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் பிளே கணக்கு என்றால், பொதுவில் வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருக்க வேண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் இதைத் தொடங்கினால் திருவிழாவுக்குச் செயலி வராது. ஒரு மாதம் முன்பே ஆளைச் சேருங்கள். 12 பேரில் சிலர் போனைப் பிரெஞ்சில் வைத்திருக்கட்டும், சிலர் செயலியைக் கிரியோலில் பார்க்கட்டும், எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவர்கள் இருவராவது தமிழில் பார்க்கட்டும். பொத்தானில் வெட்டுப்படும் சொற்கள் அவர்கள் போனில்தான் முதலில் தெரியும்.